பேச்சு மிஸ்ஸுக்கு எந்தச் சங்கம்?

குடியாத்தம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. சத்துணவு அறையை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் ஓர் அறையில் ஏழு வயதுப் பையன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காக்கா படத்தைக் காட்டினால் "தாத்தா" என்கிறான். நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டிய இடத்தில் நுனி எழும்புகிறது. அதனால் க எல்லாம் த ஆகிவிடுகிறது. வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று அவன் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்து, தன் வாயை அகலத் திறந்து, நாக்கின் நுனியைப் பல்லுக்குக் கீழே அடக்கிக்கொண்டு "க்... க்..." என்று காட்டுகிற பேச்சுப் பயிற்சியாளரைப் பிள்ளைகள் "பேச்சு மிஸ்" என்பார்கள். பக்கத்து அறையில் அண்டாவைத் தேய்க்கும் சத்தத்தில் அந்த "க்" பாதி காணாமல் போகிறது.

வாசற்படியில் பையனின் அம்மா. பீடி சுற்றுகிறவர். அன்றைக்குச் சுற்ற வேண்டிய ஆயிரத்தில் பாதியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இன்னா மிஸ், ரெண்டு வாரமா காணோம்? புள்ள காத்துக்கினு இருந்துச்சு."

"சம்பளம் வரலம்மா. பஸ்ஸுக்குக் கடன் வாங்கிட்டு வர வேண்டியிருக்கு."

"உங்களுக்குச் சங்கம் இல்லையா? பீடி சுத்தறவங்க எங்களுக்கே இருக்குது!"

2022-ஆம் ஆண்டு இறுதியில் நடந்தது இது. அடுத்த வாரம் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பேச்சு மிஸ் இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். கேள்வி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பதில் தேடி இரண்டு ஆண்டுக்கு மேல் அலைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்போது நான் ஒப்பந்த ஊழியர் சங்கம் ஒன்றில் மாவட்டப் பொறுப்பில் இருந்தேன். வேலை, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் சிறப்புப் பயிற்றுநர். ஆகவே இதை நடுநிலையான ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆள், பள்ளி, ஏஜென்சி, சங்கம் என்று யார் பெயரையும் போடவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலாளி யார்?

பேச்சு மிஸ் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர், அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் வைத்திருக்கிறார். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. வேலூரில் இந்தப் படிப்புக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சி.எம்.சி. இருக்கிற ஊர், காது-மூக்கு-தொண்டைக்கு வெளிமாநிலத்துக்காரர்கள் ரயில் ஏறி வருகிற ஊர். ஆனால் அதே படிப்பு பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் வேறு கணக்குக்குப் போய்விடுகிறது.

பணம் வரும் வழியைப் பாருங்கள். 2018-இல் பள்ளிக்கல்விக்கான பழைய திட்டங்களைச் சேர்த்து சமக்ர சிக்ஷா என்ற திட்டம் வந்தது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் வைக்கும் ஏஜென்சி, ஏஜென்சியிலிருந்து பேச்சு மிஸ். பதினொரு மாத ஒப்பந்தம், முடிந்தால் ரெனிவல். எந்தப் பள்ளிக்கு என்று போகச் சொல்வது வட்டார வள மையம். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவது ஹெச்.எம். சம்பளம் போடுவது ஏஜென்சி. லீவு கேட்டால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு வேலூருக்கு மிஞ்சியது ஏழு ஒன்றியங்கள். அதில் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் மூன்றும் இவருக்கு. அப்புறம் அணைக்கட்டும் சேர்ந்தது. அணைக்கட்டு என்றால் ஒடுகத்தூரோடு முடிவதில்லை. மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மலைக் கிராமங்கள் இருக்கின்றன. பட்டியலில் 62 பிள்ளைகள். ஒரு நாளைக்கு உருப்படியாக ஐந்து பேரைப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் கூட்டத்துக்கும் பதிவேற்றத்துக்கும் போய்விடும். மீதி நான்கு நாளில் இருபது பேர். அதாவது ஒரு பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம். முகாம், தேர்வு, மழை எதுவும் குறுக்கே வராமல் இருந்தால்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடு அதில் ஒன்று. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் நியமனம் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு மத்திய அரசு தொடக்க நிலையில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று விகிதம் அறிவித்தது. எங்கள் சங்கத்துக்கு அது பெரிய பிடி. துண்டறிக்கையில் முதல் வரியே அதுதான். ஆனால் அது சிறப்பாசிரியருக்கான எண். பேச்சுப் பயிற்சியாளருக்கு அப்படிக் கையில் பிடித்துக் காட்ட ஓர் எண் இல்லை.

சங்கம் என்று ஒரு சொல்

"சங்கத்தில் சேருங்க மேடம்" என்று நான் முதலில் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "நான் ஏற்கெனவே சங்கத்துல லைஃப் மெம்பர் சார்."

இந்தியப் பேச்சு, செவிப்புலன் சங்கத்தைச் சொன்னார். அதற்குச் சுருக்கப் பெயர் இஷா (யோகா மையம் இல்லை, இந்தக் குழப்பம் அவர் வீட்டிலேயே ஒரு முறை வந்ததாம்). அது மாநாடு நடத்தும், பயிலரங்கு நடத்தும், பத்திரிகை போடும். மறுவாழ்வுக் குழுமப் பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், அதற்குப் பயிலரங்குகள் உதவும். எல்லாம் தேவைதான். ஆனால் சம்பளம் வராவிட்டால் அங்கே போய்க் கேட்க முடியாது. அது அவர்கள் வேலை இல்லை.

தமிழில் நமக்கு இது ஒரு சங்கடம். இலக்கியம் வளர்த்ததும் சங்கம், பால் ஊற்றுவதும் சங்கம், ரசிகர்கள் வைப்பதும் சங்கம், வேலைநிறுத்தம் செய்வதும் சங்கம். சட்டம் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தால் அது ஒரு வகை. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் பதிந்தால் இன்னொரு வகை. இரண்டாவதில்தான் தொழில் தகராறில் எடுக்கும் நடவடிக்கைக்காக உறுப்பினர்மீது கூட்டுச் சதி என்றோ நஷ்டஈடு என்றோ வழக்குப் போடுவதிலிருந்து பாதுகாப்பு உண்டு. பதிவுக்கு ஏழு பேர் கையெழுத்து போதும் என்று இருந்தது. 2002 தொடக்கத்தில் அமலுக்கு வந்த திருத்தம், அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ இருக்கும் தொழிலாளரில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அது வேண்டும், ஏழுக்குக் குறையக் கூடாது என்றது. (2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இந்த நிகழ்வு பழைய சட்டக் காலத்தது.)

சரி, எங்கள் பக்கம் வருவதற்கு முன்னால் அவரே இரண்டு கதவுகளைத் தட்டிப் பார்த்தார். ஆசிரியர் அமைப்பு ஒன்றின் வட்டாரப் பொறுப்பாளர் மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க டீச்சர் இல்லையேம்மா, பைலாவில் இடமில்லை" என்றார். சுகாதாரத் துறை ஊழியர் பக்கம் கேட்டதற்கு, "நீங்க எஜுகேஷன் டிபார்ட்மென்ட், நாங்க எப்படிச் சேர்த்துக்கிறது?" என்றார்கள். இரண்டும் பொய் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு மாதம் 5,000 ரூபாயில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். செய்தித்தாளில் அவர்களும் "சிறப்பாசிரியர்கள்"தான், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நாங்களும் "சிறப்பாசிரியர்கள்"தான். அவர்கள் போராட்டம் டி.வி.யில் வந்த நாளெல்லாம் பேச்சு மிஸ்ஸின் மாமியார், "உங்களுக்குத்தானே கேக்கறாங்க, நீ ஏன் போகல?" என்பாராம்.

சட்டப் புத்தகத்திலும் இவர் ஒரு மூலையில்தான் நிற்கிறார். 1988-இல் சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிக்கூடம் தொழில் என்ற வரையறைக்குள் வரலாம், ஆனால் ஆசிரியர் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி "தொழிலாளி" இல்லை என்றது. கற்பிப்பது கைவேலையும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை, தொழில்நுட்ப வேலையும் இல்லை என்பது காரணம். பேச்சுப் பயிற்சி கற்பித்தலா, தொழில்நுட்ப வேலையா? ஆசிரியர் அமைப்பு "நீங்கள் டீச்சர் இல்லை" என்றபோது நான் சொன்னேன், "நல்லதுதான் மேடம், டீச்சர் இல்லாமல் இருக்கிறதில் உங்களுக்கு ஒரு சட்ட லாபம் இருக்கலாம்." அவருக்கு அது சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்தது.

பீடிக்காரம்மாவிடம் கற்றது

வட ஆற்காட்டில் சங்கம் என்றால் எங்கள் அப்பா தலைமுறைக்கு ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலையும் ராணிப்பேட்டை பெல் ஆலையும்தான் நினைவுக்கு வரும். ஷிப்டு மாறும் நேரம், கேட் மீட்டிங், கொடி. பேச்சு மிஸ்ஸுக்குக் கேட் கிடையாது. அவர் வேலை செய்யும் இடம் தினம் ஒன்று. நாங்கள் தோல் தொழிற்சாலை மாதிரியைப் பிடித்துக்கொண்டு உறுப்பினர் சேர்க்கப் போனது தப்பு என்று இப்போது தெரிகிறது. பக்கத்திலேயே வேறு மாதிரி இருந்தது. குடியாத்தம், பேர்ணாம்பட்டில் பீடி சுற்றும் பெண்கள் ஆளுக்கொரு வீட்டுத் திண்ணையில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவர்கள். இலையும் தூளும் கொடுப்பது கான்ட்ராக்டர், பிராண்டு வேறொரு கம்பெனியுடையது. "முதலாளி யார்?" என்ற கேள்வி அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே எழுதிவிட்டது. 1976-இல் நலநிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை, பிள்ளைக்கு உதவித்தொகை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அந்தப் பையனின் அம்மாவிடம் ஒரு நாள் நானே கேட்டேன், "தனித்தனியா இருக்கிற உங்களை யாரு ஒண்ணு சேத்தாங்க?" என்று. "தனியா எங்க சார்? எல வாங்க, கட்டு போட ஒரே எடத்துக்குத்தானே போறோம். அங்க நின்னு பேசிக்குவோம்" என்றார்.

எங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, மாதக் கடைசியில் வருகைப் பதிவு கொடுக்க எல்லாரும் வரும் நாள். அதுவரை அதை ஒரு தொல்லையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 2023 பிப்ரவரியில் அந்த நாளில், மையத்துக்கு எதிரே டீக்கடையில், பேச்சு மிஸ் மாதம் 50 ரூபாய் சந்தாவுக்குச் சம்மதித்தார். ரசீதுப் புத்தகத்தில் பதவி என்ற இடத்தில் அச்சடித்திருந்தவை மூன்று: சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை, அலுவலகம். நான்காவது "இதர". அதில் டிக் அடித்துக் கொடுத்தேன். கூட்டத்தில் யாரோ "வாங்க தோழர்" என்றதும் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

கடிதத்தில் எந்தச் சொல்லைப் போடுவது

இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றுக்கொண்டது ஒரு கடிதம் எழுதிய மாலையில்தான்.

அந்த ஏஜென்சி வழியாக எங்கள் மாவட்டத்தில் வேலை பார்த்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் இயன்முறை மருத்துவர்கள், ஒருவர் பேச்சு. ஒரு நாள் இயன்முறைத் தம்பி ஒருவர் போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டினார். பதினொரு மாதம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், கணக்கில் ஏறியது நான்கு மாதம். பேச்சு மிஸ் தன்னுடையதைத் திறந்தார். அதே நான்கு.

தனியாகப் புகார் கொடுக்கத் தடை ஒன்றும் இல்லை. வேலூரிலேயே பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது, இணையத்திலும் கொடுக்கலாம். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தக்காரர் பத்தாவது மாதத்தில் புகார் கொடுத்தால் பன்னிரண்டாவது மாதத்தில் எங்கே இருப்பார் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏஜென்சி "நீக்கினோம்" என்று எழுதக்கூடத் தேவையில்லை, ரெனிவல் செய்யாமல் விட்டால் போதும். அதனால் சங்க லெட்டர்பேடில் எழுதுவது என்று முடிவு.

நான் எழுதிய முதல் வரைவு: "...பேச்சுப் பயிற்சியாளர் மற்றும் இயன்முறை மருத்துவர்களுக்கு ஏழு மாத வருங்கால வைப்புநிதி செலுத்தப்படவில்லை."

படித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சார், மாவட்டத்துல பேச்சு நான் ஒருத்திதான். இதுல என் பேர் போடாட்டியும் என் பேர்தான் இருக்கு."

நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. சிறப்புப் பயிற்றுநர் என்று எழுதினால் யாரென்று தெரியாது, நாங்கள் நிறையப் பேர். கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், சங்கத்தின் பாதி பலமே அதுதான். ஒரே ஓர் ஆள் இருக்கும் தொழிலுக்கு அந்த வசதி கிடையாது. அவர் பதவியை எழுதினாலே அவரைச் சுட்டிக்காட்டியதாகிவிடும். சந்தா எல்லாருக்கும் 50 ரூபாய்தான், ஆனால் அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒன்று இல்லை.

"சிகிச்சைப் பணியாளர்கள் சிலருக்கு" என்று மாற்றினோம். அது சரி. ஆனால் பி.எஃப். அலுவலகத்தில் "சிலருக்கு" செல்லாதே. யு.ஏ.என்., அதாவது யாராவது ஒருவருடைய பி.எஃப். எண்ணாவது வேண்டும் என்றார்கள். மறுபடி டீக்கடை. யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாஸ்புக்கைக் காட்டிய தம்பிதான், "என் நம்பரைப் போடுங்க சார், நான் எப்படியும் ஆகஸ்ட்ல துபாய் போறேன்" என்றார். நிறுவனத்தின்மீது பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவில் விசாரணை என்று வந்துவிட்டால் அது ஓர் ஆளோடு நிற்காது, அந்தக் காலத்துக்குப் பிடித்த மொத்தக் கணக்கையும் பார்ப்பார்கள். ஏஜென்சி அதுவரை காத்திருக்கவில்லை. நோட்டீஸ் போன சில வாரங்களில் ஏழு மாதப் பணமும் ஒன்பது பேர் பாஸ்புக்கிலும் ஏறியது. தம்பி துபாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடையது ஏறியது.

இதைச் சங்கத்தின் வெற்றி என்று மாவட்ட மாநாட்டில் கைதட்டினோம். துபாய் விசா மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெயரை முன்னால் வைத்த ஒரு வழக்கு

நாங்கள் பெயரை மறைக்க இவ்வளவு பாடுபட்டோம். இங்கிலாந்தில் இதே தொழிலைச் சேர்ந்த ஒருவர் நேர் எதிரான வழியில் போனார். பாம் எண்டர்பி என்ற பேச்சு சிகிச்சையாளர் 1986-இல் தன் பெயரிலேயே வழக்குப் போட்டார். அரசு மருத்துவமனையில் மூத்த பேச்சு சிகிச்சையாளருக்குக் கிடைத்த சம்பளம், அதே நிலையிலிருந்த மருந்தாளுநரையும் மருத்துவ உளவியலாளரையும் விட மிகக் குறைவு. பேச்சு சிகிச்சையில் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். மற்ற இரண்டிலும் மேல் பதவிகளில் ஆண்கள் அதிகம். தொழிற்சங்கம் பின்னால் நின்றது. 1993 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனித்தனிப் பேச்சுவார்த்தையில் தனித்தனியாகச் சம்பளம் முடிவானது என்ற ஒரே காரணம் அந்த வித்தியாசத்தை நியாயப்படுத்தப் போதாது என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்ட ஏழாம் ஆண்டில் கிடைத்த பதில் அது, அப்புறமும் வழக்கு இழுத்தது.

அவர் நிரந்தர ஊழியர். பெயர் வெளியே வந்தால் ரெனிவல் போய்விடும் என்ற பயம் இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தைத் தாண்டிப் பார்த்தால், பெண்கள் செய்யும் வேலை, "பேசக் கற்றுக்கொடுக்கிறதுதானே" என்ற அலட்சியம், இதெல்லாம் குடியாத்தத்துக்குப் புதிதில்லை. எங்கள் கூட்டத்திலேயே ஒருவர், "பேச்சுக்கு என்னங்க, அம்மா வீட்ல சொல்லிக் குடுத்தா வந்துடும்" என்றார். சங்க உறுப்பினர்தான்.

அமெரிக்காவில் பள்ளிப் பேச்சு சிகிச்சையாளர்கள் பல இடங்களில் ஆசிரியர்களின் சம்பள அட்டவணையிலேயே வருகிறார்கள். ஆசிரியர் சங்கம் போடும் ஒப்பந்தம்தான் அவர்களுக்கும். 2018-இல் ஜானஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசுத் துறைகளில் உறுப்பினர் அல்லாதவரிடம் சங்கம் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொன்ன பிறகு, சேருவதும் விடுவதும் முழுக்க அவரவர் விருப்பம். அங்கேயும் தொழில்முறை அமைப்பு வேறு, தொழிற்சங்கம் வேறு. பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் அறிக்கை, பயணம், கூட்டம் எல்லாம் சேர்த்த வேலைச்சுமையைப் பாருங்கள் என்று அவர்கள் தொழில்முறை அமைப்பு சொல்லும். அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஏற்ற வேண்டியது சங்கம். அந்தச் சங்கத்தில் ஆசிரியர்கள்தான் பெரும்பான்மை, அதாவது பேச்சு மிஸ்ஸின் பிரச்சினை அங்கேயும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

ஒன்பதாவது கோரிக்கை

எங்கள் கோரிக்கைப் பட்டியல் நீளம். பணி நிரந்தரம், ஊதிய உயர்வு, மகப்பேறு விடுப்பு என்று போகும். பேச்சு மிஸ் கொடுத்தவை இரண்டு. சத்தமில்லாத ஓர் அறை. ஓர் ஆளுக்கு இத்தனை பிள்ளைதான் என்று ஒரு வரம்பு. இரண்டையும் சேர்த்து ஒன்பதாவதாகப் போட்டோம்.

2023 இறுதியில் ஒரு செயற்குழுவில் அவர் எழுந்து பேசினார். காக்ளியர் கருவி பொருத்திய ஐந்து வயதுப் பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை சிகிச்சை இலவசமாக நடந்துவிட்டது. ஆனால் கருவி காதில் ஒலியைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது என்ன ஒலி என்று மூளை பழக வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் ஆறு ஒலி: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வாயை மறைத்துக்கொண்டு சொல்லி, கேட்டால் டப்பாவில் ஒரு பாசிமணி போடு என்று பார்ப்பது. அந்தக் குழந்தைக்கு ஸ் விழவில்லை. கருவியில் கோளாறா, பழக்கம் போதாதா என்று தெரிய அடுத்த வாரமே பார்க்க வேண்டும். இவர் முறை மூன்று வாரம் கழித்து. சத்துணவு அண்டா சத்தத்தில் எந்தக் குழந்தைக்கும் ஸ் விழாது.

"இது தரம் சம்பந்தப்பட்ட விஷயம், டிபார்ட்மென்ட் பாத்துக்கட்டும். நாம ஊழியர் கோரிக்கையைப் பேசுவோம்" என்றார் தலைவர்.

அன்றைக்கு நானும் தலையாட்டினேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். ஆலைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேரம் எப்படியோ, சிகிச்சையாளருக்குப் பிள்ளை எண்ணிக்கை அப்படி. 62 என்பதே அவருடைய வேலை நேரம். அதைத் தரம் என்று ஒதுக்கினால் அவரிடம் சந்தா மட்டும் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். ஓட்டுக்கு விட்டால் அவருக்கு ஒரு ஓட்டு, எங்களுக்கு மீதி எல்லாம். அவர் தோற்றது ஜனநாயகப்படிதான்.

பயணப்படி விஷயத்தில் மட்டும் அவர் பிரச்சினையும் எங்கள் பிரச்சினையும் ஒன்றாகின. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். ஆனால் கணக்குப் பார்க்கும் மேசையில் ஒருவர், "லேடீஸுக்கு பஸ் ஃப்ரீதானே, பயணப்படி எதுக்கு?" என்று பில்லைத் திருப்பிவிட்டார். எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் நேரத்துக்கு வருவது டிக்கெட் வாங்கும் ரூட் பஸ்தான். அதிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ. மலைக்கு ஜீப்பில் இடம். ஒரு மாத டிக்கெட்டையும் பேச்சு மிஸ் தாளில் ஒட்டி, நாள், இடம், தொகை எழுதிக் கொண்டுவந்தார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குழந்தைகளுக்கு எழுதிப் பழகியது. ஏழு ஒன்றியங்களின் பெண் ஊழியர்களும் அதே மாதிரி ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பயணப்படி வந்தது. யாரையும் ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் தர்ணா

2024-இல் பெரிய அடி விழுந்தது. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டது. அந்த நிதியாண்டுக்கு மாநிலம் சொன்ன கணக்கு 2,152 கோடி ரூபாய். டெல்லியும் சென்னையும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது எங்களுக்குச் சம்பளத் தேதி நழுவிக்கொண்டே போனது. ஏஜென்சிக்காரர்களுக்கு அதற்கும் மேல். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில், ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவர், கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால், முதன்மை முதலாளிக்கே மேலிருந்து வரவில்லை என்றார்கள்.

சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்துக்கு முன்னால் ஒரு நாள் தர்ணா. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமை இல்லை என்று 2003-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பேச்சு மிஸ் வரவில்லை. அன்றைக்கு அந்தக் காக்ளியர் குழந்தையின் முறை. மலையிலிருந்து அம்மாவும் பிள்ளையும் இறங்கி வரும் நாள். விட்டால் அடுத்து மூன்று வாரம்.

நான்கு மணிக்குப் பையும் கையுமாக வந்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "சந்தா கட்டுறது மட்டும் போதுமா மேடம்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க ஒரு நாள் வரலைன்னா ஹெச்.எம். போன் பண்ணுவாரு, நாற்பது பேரன்ட்ஸ் கேப்பாங்க. நான் மூணு வாரத்துக்கு ஒரு தடவை வர்றவ. நான் ஸ்ட்ரைக் பண்ணினா யாருக்குத் தெரியும்? அந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் தெரியும்."

யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் மிச்சமிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு ஸ் விழுந்ததா என்று நான் கேட்டேன். விழவில்லை, கருவியில்தான் கோளாறு, மறுநாளே மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன் என்றார்.

2025 மார்ச் நிலவரம் இது. அவர் இன்னும் உறுப்பினர். பயணப்படி வருகிறது, பி.எஃப். ஏறுகிறது, சம்பளத் தேதி நிலையாக இல்லை. பட்டியல் 62-லிருந்து 71 ஆகியிருக்கிறது. அறை இன்னும் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில்தான். ஒன்பதாவது கோரிக்கை எட்டாவதானது, எட்டாவதாக இருந்தது நிறைவேறிவிட்டதால். அவருக்குத் தனியார் கிளினிக்கிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது என்று வேறு ஆள் சொல்லித் தெரியும். அவர் சொல்லவில்லை.

அந்த மாதம் சந்தா கொடுத்தபோது, ரசீதில் "இதர" என்று இருப்பதை மாற்றிப் "பேச்சு" என்று அச்சடிக்க முடியுமா என்று கேட்டார். பழைய புத்தகத்தில் இன்னும் பாதித் தாள் மிச்சம் இருக்கிறது, தீர்ந்து புதுசு அடிக்கும்போது பார்க்கலாம் என்று பொருளாளர் சொல்லிவிட்டார். பொருளாளர் நான்தான்.